ஓரக்கட்டமும் உள்ளடக்கமும்: பெங்களூரில் ஸ்பானிய மொழிக் கல்வி

1. கேள்வி

ஸ்பெயின் தலைமையமைச்சர் பெத்ரோ சாஞ்செஸ் 2024 அக்டோபரில் இந்தியா வந்தபோது வெளியான கூட்டறிக்கையில் பெங்களூருக்கென ஓர் அறிவிப்பு இருந்தது. ஸ்பெயின் தன் துணைத் தூதரகம் ஒன்றை இந்நகரில் திறக்கும் என்பது அது. அதே பயணத்தில் வதோதராவில் டாடா-ஏர்பஸ் சி-295 விமானங்களை ஒருங்கிணைக்கும் ஆலை திறந்துவைக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டைப் பண்பாடு, சுற்றுலா, செயற்கை நுண்ணறிவு ஆகியவற்றுக்கான ஆண்டாக இரு நாடுகளும் கொண்டாடுவதென்றும் முடிவாயிற்று.

தொழிலும் பண்பாடும் ஓர் அரசு அறிக்கையில் பக்கம்பக்கமாக இடம்பெறுவது எளிது. வகுப்பறையில் அவை அப்படிச் சேர்ந்து வருவதில்லை. பெங்களூரின் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் ஸ்பானிய மொழி கற்பிக்கப்படுகிறது. பாடத்திட்டத்தின் தலைப்பிலும் பெரும்பாலும் ‘மொழியும் பண்பாடும்’ என்றே இருக்கும். நடைமுறையில் மொழி என்பது வேலைக்கான தகுதியாகவும், பண்பாடு என்பது பாடப்புத்தகத்தின் ஓரத்தில் வண்ணக் கட்டத்துக்குள் அச்சாகும் செய்தியாகவும் சுருங்கிவிடுகின்றன. இந்தப் பிரிவினை தவிர்க்க முடியாததா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தவிர்க்கலாம் என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து. ஸ்பானிய மொழியுலகின் வரலாறு தென்னிந்தியாவின் மொழிச் சிக்கல்களோடு பல இடங்களில் உறவுகொள்கிறது. அந்த உறவைப் பாடமாக்கும்போது பண்பாடு ஓரக்கட்டத்திலிருந்து நடுப்பக்கத்துக்கு வரும். அதற்கு முதல் நிபந்தனை, ஸ்பானியத்துக்கும் கன்னடத்துக்கும் இடையே, ஸ்பானியத்துக்கும் தமிழுக்கும் இடையே, ஆங்கிலம் இல்லாத ஒரு நேர்வழியை அமைப்பது.

2. நகரமும் நிறுவனங்களும்

இந்தியாவில் ஸ்பானிய மொழியை ஆழ்ந்து படிக்கும் இடங்கள் என்றால் முதலில் டெல்லியும் ஹைதராபாத்துமே நினைவுக்கு வரும். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் ஸ்பானியம் பட்டப்படிப்பும் ஆய்வும் உள்ள முழுத்துறை. ஸ்பானிய மொழியைப் பரப்ப 1991இல் தொடங்கப்பட்ட செர்வான்டெஸ் நிறுவனமும் இந்தியாவில் தன் மையத்தை டெல்லியிலேயே அமைத்தது.

பெங்களூரின் வரலாறு வேறு. 1964இல் உருவான பெங்களூர்ப் பல்கலைக்கழகம், 1858இல் தொடங்கிய சென்ட்ரல் கல்லூரியின் வளாகத்தில் அயல்மொழிகளுக்குச் சான்றிதழ், பட்டயம், உயர்பட்டயம் என்று படிப்படியாக ஏறும் வகுப்புகளை நடத்திவந்தது. 2017இல் அப்பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிந்தபோது சென்ட்ரல் கல்லூரி வளாகம் புதிய நகரப் பல்கலைக்கழகத்தின் பங்காயிற்று. இவ்வகை வகுப்புகளுக்கு வேறொரு துறையில் பட்டம் பயில்வோரும் வேலையில் இருப்போரும் வருகிறார்கள். நகரின் தனியார் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் ஸ்பானியம் பெரும்பாலும் விருப்பப் பாடம். ஜெர்மன் மொழிக்கு 1960 முதல் மாக்ஸ் முல்லர் பவனும், பிரெஞ்சுக்கு வசந்த நகரின் அலியான்ஸ் பிரான்சேயும் இந்நகரில் நூலகம், திரைப்படம், நாடகம் என்று ஒரு சூழலை வளர்த்தன. ஸ்பானியத்துக்கு அப்படியொரு நெடுங்காலச் சூழல் இங்கே வாய்க்கவில்லை.

இன்னொரு பின்னணியும் உண்டு. தேசியக் கல்விக் கொள்கை 2020, பள்ளி மேல்நிலையில் கற்பிக்கத்தக்க அயல்மொழிகளின் பட்டியலில் ஸ்பானியத்தையும் சேர்த்தது. 2021இல் அக்கொள்கையைக் கல்லூரிகளில் நடைமுறைப்படுத்திய கர்நாடக அரசு, பட்டப்படிப்பில் கன்னடத்தைக் கட்டாயமாக்கியது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. கட்டாயப்படுத்தக் கூடாதென்று இடைக்கால உத்தரவு வந்தது. 2024-25 கல்வியாண்டு முதல் மாநிலம் மீண்டும் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்குத் திரும்பியது. இந்த இழுபறியில் மொழிப்பாடத்துக்கான ஒவ்வொரு மணி நேரமும் போட்டிக்குரியதாகிவிட்டது. அயல்மொழி என்றால் தாய்மொழியின் இடத்தைப் பறிப்பது என்ற ஐயம் எழுவது இச்சூழலில் இயல்பு. கன்னடத்துக்கோ தமிழுக்கோ எதையும் கொண்டுவந்து சேர்க்காத அயல்மொழிக் கல்வியிடம் அந்த ஐயத்துக்கு மறுமொழி இல்லை.

3. வேலைவாய்ப்பு வாதமும் அதன் எல்லையும்

ஸ்பானியத்தை வேலைக்காகப் படிப்பதைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல. சுமார் 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி. 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளில் ஒன்று. இந்திய மென்பொருள் நிறுவனங்கள் இலத்தீன் அமெரிக்காவுக்குச் சென்று கால் நூற்றாண்டாகிறது. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் 2002இல் உருகுவாயின் மொன்டெவிடேயோவிலும், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்போசிஸ் 2007இல் மெக்சிகோவின் மொன்டெர்ரேயிலும் மையங்களைத் திறந்தன. வாடிக்கையாளர் சேவை, கணக்குப் பராமரிப்பு, ஆவணச் சரிபார்ப்பு ஆகிய பணிகளுக்கு ஸ்பானியம் அறிந்தவர்கள் பெங்களூரில் தேவைப்படுகிறார்கள்.

இவ்வாதத்துக்கு வலுவான சான்று பெங்களூருக்கு வெளியே, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே அனந்தபூரில் இருக்கிறது. பார்சலோனாவில் 1920இல் பிறந்த விசென்டே ஃபெரர், இயேசு சபைத் துறவியாக 1952இல் இந்தியா வந்தவர். மகாராஷ்டிரத்தின் மன்மாடில் உழவர்களிடையே பணியாற்றினார். 1968இல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டே திரும்பிவந்து வறட்சி மிகுந்த அனந்தபூரில் ஊரக வளர்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். 2009இல் அவர் மறைந்த பின்னும் நீடிக்கும் அந்த அமைப்பு, ஊர்ப்புறப் பட்டதாரிகளுக்கு ஸ்பானியம் உள்ளிட்ட அயல்மொழிகளைக் கற்பிக்கும் பள்ளியை நடத்துகிறது. கூலி விவசாயக் குடும்பத்துப் பெண்ணொருத்தி ஸ்பானியம் கற்று மாநகரில் நிலையான சம்பளம் பெறுவது சமூக மாற்றமே. பண்பாட்டைப் பேசும் எவரும் இதை மறந்து பேச இயலாது.

எனினும் இவ்வாதத்துக்கு எல்லை இருக்கிறது. 2016 வாக்கில் நரம்பியல் வலைப்பின்னல் முறைக்கு மாறிய இயந்திர மொழிபெயர்ப்பு, வழக்கமான மின்னஞ்சலையும் விலைப்பட்டியலையும் நொடியில் பெயர்த்துவிடுகிறது. ஸ்பானிய-ஆங்கில இணைக்குத் தரவு மிகுதி. ஆகவே அங்கே இயந்திரம் தேர்ச்சியோடு செயல்படுகிறது. தொடக்கநிலைத் தேர்ச்சியை மட்டும் விற்பனைக்கு வைக்கும் படிப்பு இந்தப் போட்டியில் நெடுநாள் நிற்காது. ஒரு சொலவடையின் தொனியை, ஒரு வாடிக்கையாளரின் மனத்தாங்கலை, ஓர் ஒப்பந்தத்தில் சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொள்ளும் ஆற்றல்தான் நிற்கும். அது பண்பாட்டு அறிவிலிருந்து வருவது. வேலையையே அளவுகோலாக வைத்தாலும் பண்பாட்டை ஒதுக்குவது நட்டம்.

4. எந்தப் பண்பாடு?

பண்பாடு வேண்டும் என்று ஒப்புக்கொண்ட உடனே அடுத்த கேள்வி வருகிறது: எந்தப் பண்பாடு? அயல்மாணவருக்கென எழுதப்படும் பாடநூல்கள் பொதுவாக ஃபிளமெங்கோ நடனம், காளைப்போர், தக்காளித் திருவிழா, மெக்சிகோவின் இறந்தோர் நாள் ஆகியவற்றைக் காட்டுகின்றன. இவற்றில் பொய் எதுவுமில்லை. ஆனால் இவை சுற்றுலாப் பயணியின் பார்வைக்கு ஏற்றவை. ஆராயும் மாணவருக்கு இவற்றில் இறங்கிப் பார்க்க ஆழம் போதாது.

எண்ணிக்கையும் ஒன்றைச் சொல்கிறது. ஸ்பெயினின் மக்கள்தொகை 5 கோடிக்கும் குறைவு. மெக்சிகோவில் மட்டும் 13 கோடிப் பேர் வாழ்கிறார்கள். ஸ்பானியம் பேசுவோரில் பத்தில் ஒன்பது பேர் ஸ்பெயினுக்கு வெளியே இருக்க, மாட்ரிட்டை மையமாக வைத்துப் பாடம் நடத்துவது மொழியின் இன்றைய நிலவரத்துக்குப் பொருந்தாது.

ஸ்பெயினுக்குள்ளேயும் ஸ்பானியம் தனித்து நிற்கவில்லை. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில், 1939 முதல் 1975 வரை, கதலான், பாஸ்க், கலிசிய மொழிகள் பள்ளியிலிருந்தும் பொதுவாழ்விலிருந்தும் விலக்கப்பட்டன. 1978இன் அரசியலமைப்பு ஸ்பானியத்தை நாட்டின் ஆட்சிமொழியாக வைத்தபடியே பிற மொழிகளுக்கு அவ்வவற்றின் தன்னாட்சிப் பகுதிகளில் ஆட்சிமொழித் தகுதி தந்தது. கதலோனியா 1983இல் தனிச் சட்டம் இயற்றித் தன் மொழியைப் பள்ளியில் மீண்டும் ஊன்றியது. இலத்தீன் அமெரிக்காவில் பெரு 1975இல் கெச்சுவாவுக்கும், பராகுவே 1992இல் குவாரனிக்கும் ஆட்சிமொழி உரிமை அளித்தன. பொலிவியாவின் 2009ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஸ்பானியத்தோடு 36 பழங்குடி மொழிகளைப் பெயர் சொல்லி ஏற்றது.

1965இன் மொழிப் போராட்டத்தை நினைவில் வைத்திருக்கும் தமிழருக்கும், கன்னடத்துக்கு முதலிடம் கோரிய 1980களின் கோகாக் கிளர்ச்சியை அறிந்த கன்னடருக்கும் இந்த வரலாறு அந்நியமானதல்ல. மைய மொழிக்கும் மாநில மொழிக்கும் என்ன உறவு இருக்க வேண்டும், வேலைக்கு ஒரு மொழியும் வீட்டுக்கு ஒரு மொழியும் என்றான சமூகத்தில் வீட்டு மொழி எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்விகள் பார்சலோனாவிலும் பராகுவேயின் அசுன்சியோனிலும் பெங்களூரிலும் விவாதத்தில் உள்ளன. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, ஆங்கிலம் கலந்து புழங்கும் சிவாஜி நகரிலிருந்தோ அல்சூரிலிருந்தோ வரும் மாணவர் இந்த விவாதத்துக்குத் தம் சொந்த அனுபவத்தைச் சான்றாகக் கொண்டுவர முடியும். பல்கலைக்கழகம் தர வேண்டிய பண்பாட்டுப் பாடம் இங்கே தொடங்குகிறது.

5. ஆங்கிலத்தின் வழியே ஒரு சுற்றுப்பாதை

பண்பாட்டுக்குச் சொன்னது இலக்கணத்துக்கும் பொருந்தும். ஆங்கிலம் பேசுவோருக்கென எழுதப்பட்ட நூல்களின் துணையோடு ஸ்பானியம் கற்கும் தமிழ், கன்னட மாணவர், தமக்கு இல்லாத இடர்ப்பாடுகளையும் சேர்த்தே கற்கிறார்.

ஸ்பானிய வினையின் ஈறு எழுவாயைக் காட்டிவிடும். ஆகையால் ‘நான்’, ‘நீ’ என்று தனியே சொல்லத் தேவையில்லை. ஆங்கில மாணவருக்கு இது விதிவிலக்கு. ‘வந்தேன்’, ‘வந்தாய்’ என்று பேசிப் பழகியவருக்கு இதில் விளக்க எதுவுமில்லை. பிடித்ததைச் சொல்லும் ஸ்பானியத் தொடரில் பிடித்த பொருள் எழுவாயாகவும் மனிதர் நான்காம் வேற்றுமையிலும் வருவர். ஆங்கிலவழி நூல்கள் இதைத் தலைகீழ் அமைப்பு என்று விளக்கி மாணவரை அச்சுறுத்துகின்றன. ‘எனக்கு இந்தப் பாட்டுப் பிடிக்கும்’ என்ற தமிழ்த் தொடரும் அதன் கன்னட இணையும் இதே அமைப்பில்தான் உள்ளன.

செயப்படுபொருளிலும் ஒப்புமை உண்டு. ஸ்பானியத்தில் குறிப்பிட்ட ஒரு மனிதர் செயப்படுபொருளாக வந்தால் அதற்கு முன் ஓர் இடைச்சொல் கட்டாயம். அஃறிணைப் பொருளுக்குப் பொதுவாக அது வேண்டாம். ‘மரம் பார்த்தேன்’ என்று சொல்லலாம், ‘அம்மா பார்த்தேன்’ என்று சொல்ல முடியாது என அறிந்த தமிழ் மாணவருக்கு இதன் உட்பொருள் நொடியில் விளங்கும். ஒலிப்பிலும் அப்படியே. உயிர்களுக்கு இடையே வரும் ஸ்பானிய மெய்கள் சில மென்மையாக உரசி ஒலிக்கின்றன. ‘அது’, ‘நகம்’ என்ற சொற்களில் தமிழர் இயல்பாக எழுப்பும் ஒலிகளுக்கு அவை மிக அருகில் உள்ளன.

எல்லாமே எளிதென்று இதனால் முடிவுகட்டக் கூடாது. மேசையைப் பெண்பாலாகவும் புத்தகத்தை ஆண்பாலாகவும் வகுப்பது, உயிரற்ற அனைத்தையும் அஃறிணையில் வைக்கும் திராவிட மொழியினருக்குக் கடினம். விருப்பம், ஐயம், சாத்தியம் ஆகியவற்றுக்கென ஸ்பானியம் வைத்திருக்கும் தனி வினைவடிவங்களும் நீண்ட பயிற்சி வேண்டுபவை. எங்கே தாய்மொழி கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பதை வரைந்து காட்டும் இலக்கண நூலொன்று பெங்களூரில் எழுதப்பட வேண்டியது. பல மொழி பேசும் இந்நகரின் வகுப்பறை அதற்குத் தகுந்த ஆய்வுக்களம்.

6. மொழிபெயர்ப்பின் சான்று

ஸ்பானிய இலக்கியம் இந்தியாவுக்கு வந்த வழியும் பெரும்பாலும் ஆங்கிலமே. இதன் வியப்பான உதாரணம் செர்வான்டெஸின் நாவலான டான் கிஹோத்தேயின் சமஸ்கிருத வடிவம். 1930களில் நித்யானந்த சாஸ்திரி, ஜகத்தர் ஜாடூ என்ற இரு காஷ்மீரப் பண்டிதர்கள், அந்நாவலின் சில அதிகாரங்களைப் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து சமஸ்கிருதத்துக்குப் பெயர்த்தனர். ஓர் அமெரிக்கச் சேகரிப்பாளரின் விருப்பம், ஆய்வறிஞர் ஆரல் ஸ்டைன் வழியாக அவர்களை எட்டியதன் விளைவு அது. கைப்படி ஹார்வர்டில் நெடுங்காலம் கிடந்து 2019இல் அச்சேறியது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் விபா மௌர்யா அதே நாவலை ஸ்பானியத்திலிருந்து நேராக இந்திக்குக் கொண்டுவந்தார். இரண்டுக்கும் நடுவே நிகழ்ந்தது, இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஸ்பானியத் துறைகள் உருவானதுதான்.

தமிழில் இலத்தீன் அமெரிக்க இலக்கியம் சிற்றிதழ்களின் உழைப்பால் வேரூன்றியது. பிரம்மராஜன் நடத்திய ‘மீட்சி’, கோணங்கியின் ‘கல்குதிரை’ ஆகியவை போர்ஹெஸையும் மார்க்வெஸையும் தமிழ் எழுத்தாளரின் உரையாடலுக்குள் கொண்டுவந்தன. 1967இல் வெளியான மார்க்வெஸின் நாவல் 1970இல் ஆங்கிலத்திலும், சுகுமாரன், ஞாலன் சுப்பிரமணியன் ஆகியோரின் உழைப்பில் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ என்று 2013இல் தமிழிலும் வந்தது. கன்னடத்தில் சிலியின் கவிஞர் நெரூடாவின் கவிதைகளைத் தந்த தேஜஸ்வினி நிரஞ்சனா, மொழிபெயர்ப்புக்கும் காலனியத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்து 1992இல் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று.

ஆங்கிலவழி மொழிபெயர்ப்பு இரண்டாந்தரமானது என்ற வாதத்தை இக்கட்டுரை ஏற்கவில்லை. தமிழ்ப் புனைகதையின் போக்கையே மாற்றிய ஒரு செயலை அப்படி மதிப்பிடுவது தவறு. சிக்கல் தெரிவில் இருக்கிறது. லண்டனும் நியூயார்க்கும் எதை அச்சிட்டனவோ அதுவே நமக்கு வந்து சேர்கிறது. பெருவின் ஹோசே மரியா ஆர்கெதாஸ் (1911–1969) கெச்சுவா பேசி வளர்ந்து, அம்மொழியின் தொடரமைப்பும் மூச்சும் ஸ்பானியத்துக்குள் கேட்கும்படி எழுதியவர். ஆதிக்க மொழிக்குள் வீட்டு மொழியை எப்படி வாழவைப்பது என்ற அவரது வினா இங்குள்ள எழுத்தாளரின் வினாவும்தான். ஆனாலும் போர்ஹெஸும் மார்க்வெஸும் பேசப்பட்ட அளவில் அவர் தமிழில் பேசப்படவில்லை. அவரது உரைநடையின் உயிரே இரு மொழிகளின் உராய்வில் இருப்பதால், மூன்றாவதாக ஓர் ஆங்கிலத்தைக் கடந்து வரும்போது அதில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

7. கொழும்பில் நெரூடா: ஒரு வாசிப்புச் சோதனை

நேர்வழி எதற்கு என்பதைக் காட்டும் கூர்மையான சான்று நெரூடாவிடமே உள்ளது. சிலியின் தூதரக அலுவலராக 1927இல் ரங்கூனுக்கு வந்த அவர் 1929இல் கொழும்புக்கு மாற்றலானார். அவர் மறைந்தபின் 1974இல் வெளியான நினைவுக் குறிப்புகளில், கொழும்பில் தம் வீட்டுக் கழிவறையைத் துப்புரவு செய்ய வந்த தமிழ்ப் பெண் ஒருத்தியை ஒருநாள் பலவந்தப்படுத்தியதை அவரே எழுதியிருக்கிறார். அவளது சாதியைக் குறிப்பிடுகிறார், பெயரைச் சொல்லவில்லை. 2018இல் சிலியின் தலைநகர் விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டும் முயற்சி எழுந்தபோது பெண்ணியர்கள் இப்பகுதியைச் சுட்டி எதிர்த்தனர். 2021இல் இலங்கை இயக்குநர் அசோக ஹந்தகம இதைத் திரைப்படமாக்கினார்.

நெரூடாவின் காதல் கவிதைகள் உலகெங்கும் ஸ்பானிய வகுப்புகளில் முதல் ஆண்டிலேயே வந்துவிடுகின்றன. பெங்களூரில் அவற்றைப் படிக்கும் தமிழ் மாணவர், அந்தப் பெண்ணின் மொழியைப் பேசுகிறார். சாதி, துப்புரவுத் தொழில், தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் ஆளெடுக்கப்பட்டுக் கடல்கடந்த தமிழரின் வரலாறு ஆகியவற்றைப் பற்றி சிலியின் வாசகரைவிட இவர் கூடுதலாக அறிந்திருப்பார். அந்தப் பக்கத்தைக் கவிஞரின் சொந்த வாக்கியங்களில் வாசித்து, எதைக் காட்டி எதை மறைக்கிறார் என்று ஆராய்ந்து, அந்த ஆய்வை ஸ்பானியத்திலேயே எழுதி உலக விவாதத்தில் வைக்கும் தகுதி இவருக்கு உண்டு. கவிஞரைப் புறக்கணிப்பதோ புகழ்வதோ அவரவர் முடிவு. முழுமையாக வாசித்தபின் எடுத்த முடிவாக அது இருக்க வேண்டும். அந்த வாசிப்புக்கு மாணவரை ஆயத்தப்படுத்துவது துறையின் கடமை.

ஸ்பானியத்தில் பதில் பேசிய இந்தியர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். 1917இல் மெக்சிகோ சென்ற எம்.என். ராய் அம்மொழியைக் கற்று மறு ஆண்டே இந்தியாவைப் பற்றி அதில் நூல் வெளியிட்டார். பாண்டுரங்க கான்கோஜே மெக்சிகோவின் சாபிங்கோ வேளாண் பள்ளியில் கற்பித்து, உழவர்களுக்கெனக் கட்டணமில்லா வேளாண் பள்ளிகளை நிறுவினார். 1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்சிகோவின் தூதராயிருந்த ஓக்டாவியோ பாஸ் மதுரையையும் உதகையையும் கவிதைப் பொருளாக்கினார். மதுரையிலிருந்து அவருக்கு ஒரு மறுமொழி அவரது மொழியிலேயே எழுதப்பட இன்னும் இடமிருக்கிறது.

8. முடிவும் பரிந்துரைகளும்

இதுவரை கண்டவற்றிலிருந்து மூன்று செயல்கள் பிறக்கின்றன. முதலாவது, சான்றிதழ் நிலையிலேயே கன்னட, தமிழ் இலக்கணத்தோடு ஒப்பிட்டு ஸ்பானியம் கற்பிக்கும் துணைநூல். இதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. ஸ்பானிய ஆசிரியரும் திராவிட மொழியியல் அறிந்தவரும் ஒரு கல்வியாண்டு சேர்ந்து உழைத்தால் போதும். இரண்டாவது, பட்டய நிலையில் பண்பாட்டுத் தாளை ஸ்பானிய உலகின் மொழி உரிமை வரலாற்றைச் சுற்றி அமைத்தல். கதலோனியாவும் பராகுவேயும் பொலிவியாவும் கர்நாடகத்தோடும் தமிழ்நாட்டோடும் அருகருகே வைத்துப் படிக்கப்பட வேண்டும். மூன்றாவது, உயர்பட்டய நிலையில் நேர்மொழிபெயர்ப்புக்கு ஒரு தாள். கன்னடத் துறையோடும் தமிழ் கற்பிக்கும் கல்லூரிகளோடும் இணைந்து, ஆண்டுக்கு ஒரு சிறுகதையாவது ஆங்கிலம் தொடாமல் இருபுறமும் பெயர்க்கப்பட்டுச் சிற்றிதழ்களில் அச்சேற வேண்டும். ஸ்பெயின் அறிவித்த துணைத் தூதரகத்திடம் இந்நகரின் கல்வியாளர்கள் கேட்க வேண்டியதும் இத்தகைய நீண்டகாலப் பணிக்கான துணையையே. ஒருநாள் விழாக்கள் தாமே நடக்கும்.

வேலை தேடி வருபவருக்கு இதனால் இழப்பில்லை. இரு மொழிகளுக்கிடையே நுட்பமாகப் பெயர்க்கத் தெரிந்தவரை எந்த நிறுவனமும் விரும்பும். மொழி இழுபறியில் அயல்மொழி மீதுள்ள ஐயத்துக்கும் இதுவே பொருத்தமான விடை: ஸ்பானியம் படித்தவர்களால் கன்னடமும் தமிழும் வளம்பெறுகின்றன என்று ஒரு துறை தன் நூல்களைக் காட்டிச் சொல்ல முடியுமானால், அதன் இடத்தை எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஆர்கெதாஸைப் பெருவிலிருந்து நேராகத் தமிழுக்கும் கன்னடத்துக்கும் கொண்டுவரும் முதல் மொழிபெயர்ப்பாளரை உருவாக்குவதைப் பெங்களூரின் பல்கலைக்கழகங்கள் தம் இலக்காக அறிவிக்க வேண்டும். அதற்கு வேண்டிய மொழிகள் அனைத்தும் இந்நகரின் வகுப்பறைகளில் இப்போதே இருக்கின்றன.